நிற்காமல் போன வண்டி

நான் கருவாடு விற்பவன். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலை அடிவாரம்வரை உள்ள ஊர்களில் மொபெட்டில் பெட்டி கட்டிக்கொண்டு போய் விற்கிறேன். முன்பு தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது வண்டியின் முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. "நெத்திலிக் கருவாடு, வாளைக் கருவாடு, வாங்கம்மா வாங்க" என்று என் குரல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பதிவு செய்து கொடுத்தவள் என் மகள். கல்யாணமாகிப் போவதற்கு முந்தின வாரம், "அப்பா, கோவமா சொன்னா யாரும் வாங்க மாட்டாங்க, சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க" என்று நாலு தடவை சொல்லவைத்துப் பதிந்தாள். நான் சிரித்துக்கொண்டு பேசுவது அந்த ஸ்பீக்கரில் மட்டும்தான் என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

ஒரு பூனைக்காக அந்தக் குரலை நான் அணைத்துவைத்த கதை இது.

போன வருடம் தை முடிந்த சமயம். வாரச் சந்தையில் சரக்கு எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, குப்பை கொட்டும் இடத்தின் ஓரமாக வாய் கட்டிய ஒரு கோணிப்பை கிடந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையை யாரும் அடிக்க மாட்டார்கள், அது பெரிய பாவம். கோணியில் போட்டு வாயைக் கட்டி, திசை தெரியாமல் இருக்க இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தொலைவாக ஒரு சந்தைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். சந்தை என்றால் தின்ன ஏதாவது கிடைக்கும் என்று மனசுக்கு ஒரு சமாதானம். ஆனால் அவிழ்த்துவிட்டு வரவேண்டும். இந்தப் புண்ணியவான் அவிழ்க்கக்கூட நிற்கவில்லை.

நான் அவிழ்த்தேன். மூன்று குட்டிகள். இரண்டு விறைத்துக் கிடந்தன. மூன்றாவது, கறுப்பும் வெள்ளையுமாக, என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. இரண்டு கண்ணும் சீழ் கட்டி ஒட்டிப்போயிருந்தன. அந்த மனிதனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துச் சந்தைக்கே கேட்கும்படி திட்டினேன். கேட்க அவன் அங்கே இல்லை. பிறகு அந்தக் குட்டியைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டரம்மா ஈரப் பஞ்சால் கண்ணைத் துடைத்துப் பார்த்தார். "இடது கண்ணு போயிருச்சுங்க. வலது கண்ணைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து தர்றன், வேளை தவறாம விடணும். விடுவீங்களா?" என்று கேட்டார். பெட்டைக் குட்டி என்பதையும் அவர்தான் சொன்னார். விடுவேன் என்றேன். என் கையைப் பாருங்கள், மணிக்கட்டில் இன்னமும் கோடு கோடாக இருக்கிறது. ஒரு மாதம் மூன்று வேளையும் பிறாண்டு வாங்கிக்கொண்டு மருந்து விட்டேன். வலது கண் தெளிந்தது. பச்சையாக, நல்ல வெளிச்சமான கண்.

மனைவி முதல் நாள், "கருவாடு விக்கிறவரு வூட்டுல பூனையா? ஊரே சிரிக்கும்" என்றாள். மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்புத் தண்ணீரில் சோறு பிசைந்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெயர் வைக்கவில்லை. "ஏய்" என்றால் வரும். நான் வீட்டில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன் என்பதால் மனைவியும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

சாயங்காலம் நான் திரும்பும்போது தெருமுனையில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும் அது வாசலுக்கு ஓடிவந்து உட்கார்ந்துவிடும். "உங்க கொரலுன்னா அதுக்கு உசுரு" என்பாள் மனைவி. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. என் குரலைக் கேட்டு ஓடி ஒளிந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பேட்டரி தீர்ந்து, சத்தமே இல்லாமல் வந்தேன். அன்றும் அது வாசலில் உட்கார்ந்திருந்தது. ஏதோ தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு மகளிடமிருந்து போன் வந்தது. மூன்று மாதம் என்றாள். மனைவி போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இது இரண்டாவது. முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில், எங்கள் வீட்டில், எங்கள் கண் முன்னால் கலைந்துபோனது. அந்த அறையை மனைவி இன்னமும் தினம் இரண்டு தடவை கழுவுகிறாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு மகளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அந்தப் பேச்சு எடுத்த நாளிலேயே மனைவி சொல்லிவிட்டாள். "அவ வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னால இது வேற வூட்டுக்குப் போயிருக்கணும்."

பூனையால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தா என்று ஊர் நர்ஸம்மாவைக் கேட்டேன். பூனையின் கழிவை மகள் தொடாமல் இருந்தால் போதும், கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள் என்றார். அதை வந்து சொன்னேன். மனைவி கேட்கவில்லை. நான் கத்தினேன். வாயில்லாத ஜீவன், கோணியில் செத்துப் போகாமல் தப்பித்தது, அதற்கு ஒரு மூலை இந்த வீட்டில் கிடையாதா என்று கத்தினேன். அவள் திரும்பக் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அது மேல வெறுப்பு ஒண்ணும் இல்லீங்க. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் பூனையாலதான்னு என் மனசு சொல்லிக்கிட்டே இருக்கும். இன்னொரு தடவ எனக்குத் தாங்காது."

சரி, கொடுத்துவிடலாம் என்றேன். ஒன்று மட்டும் சொன்னேன். சந்தையில் விட மாட்டேன். ஒரு வீடு பார்த்து, ஆட்களைப் பார்த்து, கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எவ்வளவு விசாரித்தேனோ அவ்வளவு விசாரித்துத்தான் கொடுப்பேன்.

கருவாட்டு வண்டிக்காரனுக்குத் தெரியாத வீடு இல்லை. எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பார்கள், எந்த வீட்டில் வைக்க மாட்டார்கள் எல்லாம் தெரியும். கருவாடு நிறுத்துக்கொண்டே பேச்சை எடுத்தேன். "கருவாடும் நீங்களே தர்றீங்க, பூனையும் நீங்களேவா? ரெண்டையும் ஒண்ணா கட்டித் தர்றீங்களா?" என்று சிரித்தார்கள். ஒரு கண் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். "காலையில எந்திரிச்சு ஒத்தக்கண்ணு மூஞ்சியிலயா முழிக்கறது?" என்றாள் ஒரு அம்மா. அவள் புருஷன் ராத்திரிக் குடித்துவிட்டுக் காலையில் எந்த நிலைமையில் எழுந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பெட்டை என்று சொன்னால் இன்னும் மோசம். குட்டி போட்டுத் தள்ளும், யார் பார்ப்பது என்பார்கள். டாக்டரம்மாவிடம் சொல்லிக் கருத்தடை செய்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பூனைக்குமா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒரு தீவன மண்டிக்காரர் உடனே கொடு என்றார். சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவே எலி மருந்து உருண்டை உருண்டையாக வைத்திருந்தார். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "செத்தா வேற பூன" என்றார். அவருக்கு இனிமேல் கருவாடு கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வளைகாப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. ராத்திரியில் அது என் காலடியில் வந்து சுருண்டு படுக்கும். தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு கிடப்பேன்.

அப்போதுதான் பட்டுப்புழு வளர்க்கிற அந்த வீடு அமைந்தது. மலை அடிவாரத்துக்குப் போகிற தார்ரோட்டில், ஒரு சின்னப் பாலத்தின் பக்கத்தில் மண்பாதை பிரியும். அதில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் மல்பெரித் தோட்டம், புழு ஷெட்டு, ஒட்டினாற்போல் வீடு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். தங்கச்சி என்று நான் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். போன முறை தட்டில் இருந்த புழுவை எலி வந்து தின்று பாதி வீணாகிவிட்டது என்று பஸ் நிறுத்தத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் நேராக என் வீட்டுக்கே வந்து பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், அது தானாக வருகிறவரை காத்திருந்தாள். வந்ததும் தாடைக்குக் கீழே சொறிந்துகொடுத்தாள். "எலியப் பாக்க ஒரு கண்ணு போதுங்கண்ணா" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எலி மருந்து வைப்பீர்களா என்று கேட்டேன். "புழு வளக்கற வூட்டுல மருந்து ஏதுங்க? பக்கத்துத் தோட்டத்துல மருந்து அடிச்ச காத்து வந்தாலே புழு செத்துப்போயிரும்" என்றாள்.

போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. புழு இருக்கற நாள்ல கருவாட்டு வண்டி எங்க பாதையில வரக்கூடாதுங்க. அந்த வாசன புழுவுக்கு ஆகாது. நாங்களும் அப்ப கருவாடு ஆக்கறதில்ல." அது எனக்குப் புதிது இல்லை. புழு வளர்க்கிற எந்த வீட்டிலும் நான் வண்டியை உள்ளே விடுவதில்லை. மனைவியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். ஒரு மாதத்துக்கு அந்தப் பூனையின் காதில் உங்கள் குரல் விழக்கூடாது, விழுந்தால் புது வீட்டில் தங்காது, அப்புறம் அது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். சரி என்றேன்.

கோணியில் கட்டிக் கொண்டுபோகச் சொன்னாள் மனைவி. அதை மட்டும் நான் வேண்டாம் என்றேன். கூடையில் கொண்டுபோகிறேன் என்றேன். கூடை என்றால் வழியைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்துவிடும், மகள் பிரசவத்துக்குப் படுத்திருக்கும்போது ரோட்டைத் தாண்டி வந்து நிற்கும், லாரிக்கு அடியில் போனாலும் போகும் என்றாள். அவள் சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. காற்று போகிற மாதிரி தளர்வாக நெய்த ஒரு புதுக் கோணியை எடுத்தேன்.

கோணியின் வாயைப் பிரித்துக் காட்டியபோதே அது முகர்ந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒற்றைக் கண் பெரிதாக விரிந்தது. உள்ளங்கை அளவில் இருந்தபோது நடந்ததை அது மறக்கவில்லை. என் கையைக் கடிக்கவில்லை, பிறாண்டவும் இல்லை. உடம்பை விறைத்துக்கொண்டு, நான் தூக்கிப் போட்டபடி உள்ளே போனது. கட்டினேன். வாசலில் மூன்று சுற்றுச் சுற்றினேன். அப்போதுதான் கத்த ஆரம்பித்தது. வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் என் முழங்கால் நனைந்தது. பயத்தில் மூத்திரம் போயிருந்தது. சந்தையில் நான் திட்டிய அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அவிழ்த்துவிடுவேன், அது ஒன்றுதான்.

ஷெட்டில் அப்போது புழு இல்லை. சுண்ணாம்பு அடித்துக் காயவைத்திருந்தார்கள். வண்டியைப் பாலத்தின் அருகிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்க் கொடுத்தேன். அந்தத் தங்கச்சி அவிழ்த்து, அதைத் தூக்கி மார்போடு அணைத்து, வீட்டுக்கு உள்ளே கொண்டுபோய் அம்மிக்கல்லை மூன்று தடவை சுற்றி இறக்கிவிட்டாள். புதிதாக வருகிற கோழிக்கும் கன்றுக்கும் செய்கிற மாதிரிதான். நான் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். "ஏய்" என்று ஒரு தடவை சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பாலம் வருவதற்கு அரை மைலுக்கு முன்பே ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். தாண்டி அரை மைல் போனபிறகுதான் போடுவேன். நடுவில் நாலைந்து வீட்டு வியாபாரம் போயிற்று, போகட்டும் என்று விட்டேன். பாலத்தைக் கடக்கும்போது அந்த மண்பாதைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்தபடி போய்விடுவேன். ஒரு மாதம் முடிந்தபிறகும் அதே பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் டீக்கடையில் அந்த வீட்டுக்காரர் நின்றார். "நல்லா எலி புடிக்குதுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். புழு இருக்குமே என்று சொல்லி நழுவிவிட்டேன்.

வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். வந்ததும் கேட்டது, "அப்பா, ஒத்தக்கண்ணு எங்க?" என்றுதான். அதற்கு வீடு கிடைத்துவிட்டது என்றேன். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும் என்பது மனைவியின் சட்டம். ஒரு வாரம் வியாபாரத்துக்கே போகவில்லை. தினம் இரண்டு குளியல். எட்டாம் நாள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மிட்டாய்ப் பெட்டியுடன் பஸ் ஏறினேன். பாலத்தில் இறங்கி மண்பாதையில் நடந்தேன். அந்தத் தங்கச்சி தழை வெட்டிக்கொண்டிருந்தாள். மிட்டாயை வாங்கிக்கொண்டு, குழந்தை யார் ஜாடை என்றெல்லாம் கேட்டாள். பிறகு வெட்டிய தழையைச் சேர்த்துக் கட்டினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறன். நீங்க ஏன் ஒரு நாள்கூட நிக்கல?"

குரல் கேட்கக்கூடாது என்று மனைவி சொன்னதை, ஸ்பீக்கரை அணைத்ததை எல்லாம் சொன்னேன்.

"நீங்க கொரலத்தான நிறுத்துனீங்க. வாசனைய நிறுத்தலியே" என்றாள். "உங்க வண்டி அந்தப் பக்கம் வரும்போதே மூக்கத் தூக்கும்ங்க. எங்கிருந்தாலும் ஓடும். மொத ரெண்டு நாளு வண்டி பின்னாலயே தார்ரோட்டுல ஓடுச்சு. நான்தான் போயித் தூக்கிட்டு வந்தன். அப்பறம் ஓடல. பாலத்துல எங்க பாதப் பக்கத்துக் கைப்பிடிக் கட்ட மேல ஏறி ஒக்காந்துக்கும். நீங்க போனதும் எறங்கி வந்துரும். மறுநாளும் அதே நேரத்துக்குப் போயி ஒக்காரும். ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்ங்க. நான் கையக் காட்டக்கூடப் பாத்தன், நீங்க திரும்பவே இல்ல."

என் வண்டியில் கண்ணாடி ஒரு பக்கம்தான். அதையும் கருவாட்டுப் பெட்டி மறைத்துக்கொள்ளும். முப்பது வருடமாகக் கருவாட்டோடு கிடக்கிறேன். என் மேல் இருக்கிற வாசனை என் மூக்குக்கே தெரிவதில்லை. பேட்டரி தீர்ந்த அன்றும் அது வாசலில் வந்து உட்கார்ந்ததே, அது இப்போதுதான் எனக்கு விளங்கியது. அது என் குரலுக்கு ஒரு நாளும் வரவில்லை.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப போறதில்லீங்க" என்றாள்.

ஷெட்டு வாசலில் அது படுத்திருந்தது. நன்றாக வளர்ந்து, முடி மினுமினுவென்று இருந்தது. "ஏய்" என்றேன். காது மட்டும் திரும்பியது. கிட்டே போய், அந்தத் தங்கச்சி முதல் நாள் உட்கார்ந்த மாதிரி தரையில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து, சோம்பல் முறித்து, வந்தது. என் விரலை முகர்ந்தது. புதுச் சட்டையை முகர்ந்தது. சோப்பு வாசனை. அந்தப் பச்சைக் கண்ணால் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அவள் காலில் உரசிக்கொண்டு நின்றது. அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் வேண்டாம் என்று போயிற்றா, எனக்குத் தெரியாது. அவள் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டாள். அது அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டது. நல்ல வீடு. நான் தேடியது அதைத்தான். ஆனால் பஸ்ஸில் வரும்போது முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் வியாபாரத்துக்குக் கிளம்பினேன். அரை மைலுக்கு முன்பு ஸ்பீக்கரை அணைக்கவில்லை. "வாங்கம்மா வாங்க" என்று ஸ்பீக்கரில் சிரித்துக்கொண்டே போனேன். பாலத்தின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். பெட்டியின் மூடியைத் திறந்துவைத்தேன். பாலத்துக் கட்டையின் மேல் யாரும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் நிறுத்துகிறேன். மண்பாதையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். இதுவரை வரவில்லை. வரக்கூடாது என்றுதானே கோணியில் கட்டிக்கொண்டு போனேன்.